உள்ளே போன துண்டு

போன வாரம் எனக்கு விடை கொடுக்க நம் பட்டறையில் நீங்கள் வைத்த விருந்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து, "எல்லாரும் நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன் நான். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்தது நன்றாகத் தெரியும். அதில் எனக்குக் கூச்சம் இல்லை. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதிக் கொடுக்கிறேன்.

எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலை மாற்றும் முறையை இங்கே எழுதப் போவதில்லை. அது கை பழகப் பழக வந்துவிடும். வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம், அதுதான் பழக நாளாகும். அதற்கு ஒரு காரின் கதையைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் போமேனாக இருந்தேன். மெக்கானிக்கை நம் ஊரில் எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். குடியிருப்பு சிலிபினில். எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் அங்கமுத்து அண்ணன் இருந்தார். பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். பால்மரம் வெட்டியவர், பிறகு தோட்டத்து ஆலையில் ரப்பர் ஷீட் போட்டவர். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது டவுனுக்கு வந்து, செருப்புக்கு ரப்பர் அடி வெட்டும் ஓர் இடத்தில் வேலை பார்த்தார். அங்கே ஆள் குறைத்தபோது ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினார். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் தோட்டத்தில் இன்னும் மிச்சமிருந்த குடும்பங்களின் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கு ஏற்றிப் போய், திரும்பக் கொண்டுவந்து விடுவார். அந்தக் கார் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

சீனப் பெருநாள் விடுமுறைக்கு முந்தைய நாள், பிள்ளைகளோடு தோட்டத்துச் செம்மண் பாதையில் போகும்போது, காருக்குள் புகை வந்துவிட்டது. பிள்ளைகள் அலறிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். ரப்பர்ப் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு முதலில் ஓடி வந்தது பார்வதி. அவள் மகனும் அந்தக் காரில் இருந்தான்.

"அண்ணே, பள்ளிக்கூடம் தொறக்கிற அன்னிக்கும் இப்படியே வந்தீங்கன்னா எம் புள்ளய ஏத்த மாட்டேன். வேன்காரன் தெனமும் புள்ளய அனுப்புன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

 பார்வதி ஒரு பக்கம் போனால் மற்றத் தாய்மார்களும் அவள் பின்னால்தான் போவார்கள். அது அங்கமுத்து அண்ணனுக்குத் தெரியும். அன்று மாலையே, கடைகள் பெருநாளுக்கு அடைப்பதற்குள் ஓடிப்போய், இன்ஜின் முன்பக்கத்து ஆயில் சீலும் மேல்மூடிக்கு ஒரு கேஸ்கட்டும் வாங்கி வைத்துவிட்டார். மேல்மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில், எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கும் பட்டைதான் கேஸ்கட். மாட்டுவதற்கு ஆள் வேண்டும். நானோ பெருநாள் லீவுக்குத் தாப்பாவில், மனைவி வீட்டில் இருந்தேன். சனிக்கிழமை திரும்பி வந்து பையை இறக்கி வைக்கும்போதே அவர் மனைவி செல்லம்மா அக்கா வாசலில் நின்றார். பள்ளி திறப்பது திங்கட்கிழமை.

ஞாயிறு காலை அவர் வீட்டு முன்னால் காரின் மூடியைத் தூக்கினேன். இன்ஜின் மேல்மூடியின் ஓரத்தில், நாய் நாக்கைத் தொங்கப் போட்டதுபோல், கறுப்பாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது.

"இது யாரு போட்டது அண்ணே?"

"நாந்தான். கடையில விக்கிறது தக்கை மாதிரி இருக்கு, ரெண்டு மாசத்துல பொடிஞ்சிருது. இது செருப்புக்கு அடி போடுற ஷீட்டு. என் கையால வெட்டுனது. நம்ம பால்மரத்துப் பாலு லா! மழையில கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"மழையில ஆவாது அண்ணே. எண்ணெயில ஆவும்."

"லாரியே இதும்மேலதான் ஓடுது."

"லாரி டயரு எண்ணெய் குடிக்கிறதில்ல அண்ணே."

அவர் நம்பவில்லை. ரப்பரோடு வாழ்ந்தவர், ரப்பர் கைவிடும் என்று அவருக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று அவர் முகம் சொன்னது. நானும் வாதாடவில்லை. மரத்துப் பாலில் செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் போகும். ஆயில் சீல்களை வேறு விதமான செயற்கை ரப்பரில் செய்வது அதனால்தான். இவர் போட்ட பட்டை ஊதி, வெளியே பிதுங்கி, அந்த வழியாக எண்ணெய் சொட்டி, கீழே கொதித்துக்கொண்டிருந்த புகைக்குழாய் மேல் விழுந்திருக்கிறது. புகை அப்படி வந்ததுதான்.

முன்பக்கத்து சீலும் தேய்ந்து, அதன் உதடு காய்ந்த தோல்போல் விறைத்திருந்தது. பழசைக் கழற்றிப் புதுசை மாட்டுவதில் எந்தத் தொல்லையும் இல்லை. பக்கத்து வீட்டு முனியாண்டி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயை மூடவில்லை.

"அங்கமுத்து, எல்லாத்தையும் மாட்டுன பெறகு ஸ்குரூ மிச்சமிருந்தா என்கிட்ட குடு. கோழிக் கூண்டுக்கு வேணும்."

"நீ அந்தக் கூண்டுக்குள்ள போயி குந்து மச்சான், ஸ்குரூ நான் கொண்டாரேன்" என்றார் அண்ணன்.

நடுப்பகலுக்கெல்லாம் மேல்மூடியைத் துடைத்து, புதுக் கேஸ்கட்டைக் கையில் எடுத்துவிட்டேன். மூடி வைத்து இறுக்கினால் முடிந்தது. செல்லம்மா அக்கா தேநீர் கொண்டுவந்தார்.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் நான் எப்போதும் செய்கிற ஒன்றைச் செய்தேன். தரையில் விரித்திருந்த செய்தித்தாளைப் பார்த்தேன்.

இது எங்கள் பட்டறையின் தலைமைப் போமேனிடமிருந்து வந்த பழக்கம். அவர் சீனர். என்னிடம் மலாயில்தான் பேசுவார், அதுவும் அதிகம் பேச மாட்டார். கழற்றுகிற எதையும் கழற்றின வரிசையில் செய்தித்தாள் மேல் வைக்கச் சொல்வார். மூடப் போகும்போது பின்னால் வந்து நின்று, "தெங்கோ சூராட் காபார் டூலு" என்பார். முதலில் செய்தித்தாளைப் பார் என்று அர்த்தம். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. கழற்றியதில் எது இன்ஜினுக்குள் போயிருந்தாலும் அது இந்தத் தாளில் குறையாகத் தெரியும் என்று எனக்குப் புரியச் சில வருஷம் ஆயிற்று.

தாளில், சுரண்டி எடுத்த பழைய ரப்பர் பட்டையின் துண்டுகளை, இன்ஜினில் இருந்த வடிவத்திலேயே வைத்திருந்தேன். சுற்றிலும் ஒட்டி வந்தன. முன்மூலையில் மட்டும் இரண்டு முனைகள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தவில்லை. ஒரு முனை பிய்ந்திருந்தது. மற்றது எதுவோ கடித்ததுபோல் இருந்தது. அந்த மூலைக்கு நேர் கீழேதான் செயின் ஓடும் குழி.

"ஒரு துண்டு கொறையுது அண்ணே" என்றேன். அண்ணன் உள்ளே போய் டேப் கொண்டுவந்து பட்டையை அளந்தார்.

"பாத்தியா? இருக்கவேண்டியதுக்கு மேலயே இருக்கு. ஒண்ணும் கொறையல."

"ஊதிப் போன ரப்பரு அண்ணே. ஊறவச்ச கடலைய அளந்தா படிக்கு மேலதான் வரும். அதுக்காக உள்ளதெல்லாம் இருக்குன்னு ஆயிடுமா?"

அவர் முகம் மாறிவிட்டது. "சரி, இப்ப என்ன சொல்ற?"

நான் சொன்னேன். ஒரு துண்டு பிய்ந்து அந்தக் குழி வழியாக விழுந்திருந்தால், அது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியில் கிடக்கும். சம்ப் என்கிறோமே, அதில். அங்கேதான் எண்ணெயை உறிஞ்சும் பம்பின் வாயும் வடிகட்டியும் இருக்கின்றன. துண்டு ஓர் ஓரமாக மாதக்கணக்கில் சும்மாவும் கிடக்கலாம். ஒரு மேட்டில் ஏறும்போது போய் அந்த வாயை அடைக்கவும் செய்யலாம். அடைத்தால் எண்ணெய் ஏறாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிடும். அவர் தினமும் பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் பக்கத்தில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டுகிறவர். அந்த இடத்தில் கேட்டும் கிடையாது, ஆளும் கிடையாது. தண்டவாளத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. அவரே நினைத்துக்கொண்டார் என்று தெரிந்தது.

"அதனால சம்ப்ப எறக்கிப் பாக்கணும்" என்றேன்.

"எறக்குனா?"

"எறக்குனா சம்ப்போட கேஸ்கட் பிஞ்சிரும். வேற ஒண்ணு இப்ப கெடைக்காது. எல்லாக் கடையும் அடச்சிருக்கு."

இளம் தோழர்களே, நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். துண்டு உள்ளே இருக்கிறது என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. இரண்டு முனைகள் பொருந்தவில்லை, அவ்வளவுதான். நான் சுரண்டும்போதே பொடியாய் உதிர்ந்திருக்கலாம். திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லாமல், திரும்ப மூடவும் முடியாமல் போனால், திங்கட்கிழமை கார் நகராது. வேன்காரன் வந்துவிடுவான். திறக்காமல் விட்டால் கார் ஓடும், பார்வதியும் பிள்ளையை ஏற்றுவாள், நானும் வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம்.

"இல்லாத ஒண்ண தேடுறியா நீ?" என்றார் அண்ணன். குரல் உயர்ந்துவிட்டது. "நாளைக்கு இது ஓடலைன்னா எல்லாம் ஹாபிஸ் லா, முடிஞ்சுபோச்சு! உனக்கு மாசம் பொறந்தா சம்பளம்."

"மூடிடுப்பா தம்பி" என்றார் அக்கா மெல்ல. "இந்த வாரம் ஓடட்டும். கடை தொறந்ததும் பாத்துக்கலாம்."

அக்காவின் யோசனை தப்பானது இல்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் அந்தக் காரில் பிள்ளைகள் இருப்பார்கள். எனக்கு எதிர்த்துப் பேசவும் வராது. குழாயடியில் போய்க் கையைக் கழுவிக்கொண்டே நின்றேன். சோப்பு நுரையில் கறுப்பு போகவே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் யார் சொல்வது சரி என்று அடித்துக்கொள்வதில் பயன் இல்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற ஒரு சாட்சியைத் தேட வேண்டும். திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அண்ணே, இத வெட்டுன ஷீட்டுல மிச்சம் இருக்கா?"

"ரப்பர யாராவது தூக்கிப் போடுவாங்களா?" என்றார் கோபம் தணியாமல்.

அது ஆட்டுக்கல் நகராமல் இருக்க அதற்கு அடியில் போட்டிருந்தது. அக்கா ஆட்டுக்கல்லைச் சாய்க்க, அண்ணன் உருவினார். நடுவில், பட்டையை வெட்டியெடுத்த இடம் அதே வடிவத்தில் வெறுமையாக இருந்தது. செருப்பு வழுக்காமல் இருக்க அந்த ஷீட்டின் ஒரு பக்கத்தில் மெல்லிய வரிக்கோடுகள் போட்டிருப்பார்கள். ஷீட் முழுக்க, குறுக்கே, ஒரே சீராக. பட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பினேன். கோடுகள் அங்கேயும் இருந்தன, கொஞ்சம் தடித்து.

 அண்ணன் மண்டியிட்டுவிட்டார்.

"ரப்பரு ஊதுனா கோடு தடிக்கும்" என்றார் தனக்குத்தானே. "ஆனா கோட்டோட எண்ணிக்க ஏறாது."

ஷீட்டின் ஓரத்துக் கோட்டில் கட்டை விரலை வைத்து, பட்டையின் கோட்டில் மறு கட்டை விரலை வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். ஆலையில் ஷீட் தரம் பிரிக்கும்போது அவர் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவசரமே இல்லை. முனியாண்டிகூட வேலியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். நீள்பக்கம் முடிந்தது. பின்பக்கம் முடிந்தது. முன்மூலைக்கு வந்ததும் ஷீட்டில் இருந்த விரல் நகர்ந்தது, பட்டையில் இருந்த விரலுக்குப் போக இடமில்லை.

இன்னொரு முறை பார்த்தார். பிறகு சுண்டு விரலை ஷீட்டின் வெறுமையான மூலையில் வைத்துக் காட்டினார்.

"இவ்வளவு இல்ல தம்பி."

எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தொறந்துரு."

நாங்கள் சம்ப்பை இறக்கினோம். துண்டு எண்ணெயில் மிதந்து வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. குனிந்து மேலே பார்த்தால், பம்பின் வடிகட்டி வலையில் பாதியை மூடிக்கொண்டு, ஊறின அப்பளம்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் உரித்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை அமுக்கிப் பார்த்தார். அது அவர் விரல் அழுத்திய இடத்தில் அப்படியே பிளந்தது.

"அடச்சே" என்றார். 

சரி, துண்டு வந்துவிட்டது. மூடுவது எப்படி? என் தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, ஊருக்குப் போயிருந்தார். பட்டாசு கொளுத்திக் கடை திறக்கும் நல்ல நாளுக்கு முன் அவர் ஒரு திருகைக்கூட வெளியே எடுக்க மாட்டார். எனக்கு வீட்டில் ஒரு குழாய் கேஸ்கட் பசை இருந்தது. கெட்டியான அட்டை கிடைத்தால் அதில் கேஸ்கட் வெட்டிப் பசையோடு வைக்கலாம். எண்ணெய்க்கு அட்டை தாங்கும், கொஞ்ச நாளைக்கு.

சுவரில் நாள்காட்டி தொங்கியது. பின்னட்டை நல்ல கனம். நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டார்.

"முருகன் படம் தம்பி! சாமிய கொண்டுபோயி காடிக்கு அடியில வைப்பியா?"

"அவரு நல்லாத்தான் பாத்துக்குவாரு அக்கா" என்றார் முனியாண்டி வேலிக்கு மேலே.

அக்கா உள்ளே போனார். அலமாரிக்குள் துணிகளுக்கு அடியிலிருந்து தீபாவளிக்கு எடுத்த சேலையின் பெட்டியைக் கொண்டுவந்து, சேலையை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியை என்னிடம் நீட்டினார்.

வெட்டியது அங்கமுத்து அண்ணன். செருப்பு அடி வெட்டிய அதே கத்தி, ஓட்டை போட்ட அதே உளி. அட்டை ஒரே துண்டாகப் போதவில்லை. அதனால் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்கிறமாதிரி இணைப்பு வைத்து வெட்டினார். நான் இத்தனை வருஷத்தில் கையால் வெட்டிய அவ்வளவு சுத்தமான கேஸ்கட்டைப் பார்த்ததில்லை. ரப்பர் தப்பாக இருந்ததே தவிர, அவர் கை என்றைக்கும் தப்பாக இருந்ததில்லை. அதை அவரிடம் சொல்ல நினைத்தேன். கூச்சத்தில் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

"இது தற்காலிகம் அண்ணே. கடை தொறந்ததும் சரியானத போட்டுருவோம். இது கசிஞ்சாலும் தரையிலதான் சொட்டும். மேல உள்ளது கசிஞ்சாத்தான் நெருப்பு."

அது உங்களுக்கும் சொல்வது. கசிவுகள் எல்லாம் ஒன்று இல்லை. சொட்டு எங்கே போய் விழும் என்று பார்த்துவிட்டுத்தான் பயப்படுவதா, பொறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

பொழுது சாயும்போது பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய புது எண்ணெயை ஊற்றி இன்ஜினைக் கிளப்பினோம். சிலிபின் சாலையில் ஒரு சுற்று போய்வந்தோம். புகை இல்லை.

திங்கட்கிழமை எங்கள் பட்டறை இன்னும் திறக்கவில்லை. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். தண்டவாளத்துக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தார். தோட்டத்தில் தாய்மார்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள். பார்வதி மகனின் கையை விடவில்லை. வேன் வந்திருக்கவில்லை, ஆனால் வரச் சொன்னால் வந்துவிடும்.

காரை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே, அண்ணன் பின்னால் இருந்து ஒரு செய்தித்தாளை எடுத்து இன்ஜினுக்கு அடியில் விரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து பார்வதியிடம் நீட்டினார். அவர் அதைக் கொண்டுவந்திருந்தது எனக்கே தெரியாது.

"இது உள்ள கெடந்துச்சு மா. நான் போட்ட ரப்பரு."

பால் வெட்டுகிறவள் அவள். வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் அமுக்கினாள். முகம் சுளித்தாள்.

"நம்ம ரப்பரா இது?"

"நம்மதுதான். எண்ணெயைக் குடிச்சுட்டு இப்படி ஆயிருச்சு. இப்ப உள்ள ஒண்ணும் இல்ல. இந்தத் தம்பி தொறந்து பாத்துட்டாரு. அடியில மட்டும் அட்டை வச்சிருக்கோம், கடை தொறந்ததும் மாத்திருவோம்."

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் சொன்னார். பார்வதி குனிந்து, காருக்கு அடியில் இருந்த தாளை நெடுநேரம் பார்த்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. தாளில் நேற்றைய செய்தி மட்டும்தான் இருந்தது.

அவள் நிமிர்ந்து, மகனின் பையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ஏறுடா" என்றாள் அவனிடம். பிறகு அண்ணனிடம், "சாயங்காலம் திரும்பி வாரப்ப, இதே தாள இங்க விரிச்சுக் காட்டணும்."

அன்று சாயங்காலம் விரித்தார். சரியான கேஸ்கட் போடும் வரை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், தினமும் அதே இடத்தில் நிறுத்தி விரித்தார்.